பிரிஸ்டல் தென்கிழக்கு: தோற்றவர் உறுப்பினரான தொகுதி

வாசகர் கேள்வி – பதில்

சில இதழ்களுக்கு முன் இடைத்தேர்தல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “இங்கிலாந்தில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் 1961இல் 13,044 வாக்குகள் குறைவாகப் பெற்றவரே நாடாளுமன்ற உறுப்பினரானார்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அது அச்சுப்பிழையா என்று கேட்டும், பிழை இல்லையென்றால் விளக்கம் வேண்டும் என்று கேட்டும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அது பிழையன்று. இந்த இதழில் அந்தத் தொகுதியைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படி ஒரு தொகுதி இன்றைய பட்டியலில் இல்லையே. எப்போது இருந்தது? (சேலம் வாசகி)

பதில்: 1950இல் தோன்றி 1983இல் மறைந்தது. ஆயுள் முப்பத்துமூன்று ஆண்டுகள்தாம். ஆனால் அதற்கு முன்கதை உண்டு. 1885இல் தொகுதிகளை மறுபங்கீடு செய்த சட்டம், அதுவரை ஒரே தொகுதியாக இருந்து இரண்டு உறுப்பினர்களை அனுப்பிவந்த பிரிஸ்டல் நகரத்தைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்காகப் பிரித்தது. அவற்றில் கிழக்குத் தொகுதிதான் நம் தொகுதியின் தாய். நிலக்கரிச் சுரங்கக்காரர்களும் காலணி தைப்பவர்களும் மிகுந்த தொழிலாளர் பகுதி அது. முதல் உறுப்பினரான ஹேண்டல் காஸம் என்னும் லிபரல் கட்சிக்காரரோ சுரங்க முதலாளி. அந்தக் காலத்து லிபரல் கட்சியில் இது ஒரு முரணாகவே கருதப்படவில்லை.

முரண் வெளிப்பட்டது 1895 இடைத்தேர்தலில். புகையிலைச் செல்வரான சர் வில்லியம் வில்ஸ் லிபரல் வேட்பாளராக நின்றார். அவரை எதிர்த்து கோர் என்னும் சோஷலிஸ்ட் ஒருவர் நின்று, வெறும் 132 வாக்குகளில் வெற்றியைத் தவறவிட்டார். தொழிற்கட்சி என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே அந்தப் பகுதியின் மனம் எந்தப் பக்கம் சாயத் தொடங்கியது என்பதற்கு இந்த 132 போதுமான சான்று. ஆயினும் தொழிற்கட்சி அங்கே முதன்முதலில் வென்றது 1923இல்தான். வென்றவர் வால்டர் பேக்கர். அவர் 1930இல் இறந்ததை அடுத்து, 1931 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் வந்தார்.

கேள்வி: 1942இல் இந்தியா வந்த கிரிப்ஸ் தூதுக்குழுவின் கிரிப்ஸா இவர்? (காரைக்குடி வாசகர்)

பதில்: அவரேதான். போருக்குப் பிந்தைய டொமினியன் அந்தஸ்து என்ற திட்டத்தோடு 1942 மார்ச்சில் தில்லியில் வந்திறங்கியபோது அவர் பிரிஸ்டல் கிழக்கின் உறுப்பினர். ஆனால் எந்தக் கட்சியின் உறுப்பினரும் அல்லர். பாசிசத்தை எதிர்க்கக் கம்யூனிஸ்டுகள் உட்பட எல்லாரையும் ஓரணியில் சேர்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக வாதிட்டதற்காகத் தொழிற்கட்சி 1939 ஜனவரியில் அவரை நீக்கியிருந்தது. 1945இல்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

தொகுதி வரலாற்றில் கிரிப்ஸுக்குரிய இடம் வேறு. 1931 அக்டோபர் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி நாடெங்கும் அடியோடு சாய்ந்தபோது, அமைச்சர் பொறுப்பில் இருந்த அதன் தலைவர்களில் தப்பிப் பிழைத்த மிகச் சிலரில் இவர் ஒருவர். வித்தியாசம் 429 வாக்குகள். அந்த 429 பேர் மனம் மாறியிருந்தால் தில்லிக்கு வேறு யாரேனும் வந்திருக்கலாம். 1947இல் நிதியமைச்சரான அவர், 1950இல் கிழக்குத் தொகுதி மறைந்து தென்கிழக்குத் தொகுதி உருவானபோது அங்கே நின்று வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் உடல்நலம் கெட்டுப் பதவி விலகினார். நவம்பர் 30ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் வென்ற இருபத்தைந்து வயது இளைஞர்தான் ஆண்டனி வெட்ஜ்வுட் பென். பின்னாளில் டோனி பென் என்று அறியப்பட்டவர்.

இந்தியத் தொடர்பு தேடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பென்னின் தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியா மந்திரி. காந்தி தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பு அள்ளியபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். மகனைப் பின்னாளில் பாடாய்ப் படுத்திய சிக்கலுக்கும் மூலகாரணம் அவரே, தெரியாமல்.

கேள்வி: 1961இல் நடந்தது என்ன? தோற்றவரை வென்றவர் என்று அறிவித்தது யார்? (மன்னார்குடி வாசகர், இன்னும் பலர்)

பதில்: கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உலகப்போர்க் காலத்துக் கூட்டணி அரசு, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சியின் பலம் குறைவாக இருப்பதை ஈடுசெய்ய, அக்கட்சியைச் சேர்ந்த சிலருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தது. அப்படித்தான் மூத்த பென் 1942 தொடக்கத்தில் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார் (வைகவுண்ட் என்பது பிரபுப் பட்டங்களில் ஒரு படி). வாழ்நாளுக்கு மட்டும் பட்டம் தரும் வழக்கம் அப்போது இல்லை. கொடுத்தால் பரம்பரைப் பட்டந்தான். மூத்த மகன் மைக்கேல் சமய ஊழியத்துக்குச் செல்லும் எண்ணத்தில் இருந்தபடியால் பட்டம் தமக்குத் தடையில்லை என்று சம்மதித்திருந்தார். அந்த மைக்கேல் 1944இல் விமானப்படைப் பணியில் உயிரிழந்தார். பட்டம் வரிசைப்படி இளையவரான நம் பென்னுக்குத் திரும்பியது. பிரபுவாக இருப்பவர், மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான பொதுச்சபையில் அமர முடியாது. பட்டத்தை வேண்டாம் என்று சொல்லவும் அன்றைய சட்டத்தில் வழி கிடையாது. தந்தை உயிரோடு இருக்கும்வரைதான் தமக்கு அரசியல் வாழ்வு என்பது பென்னுக்குத் தெரியும். 1955இல் தமக்கென்று ஒரு தனி மசோதா கொண்டுவரப் பார்த்தார்; அது நிறைவேறவில்லை.

1960 நவம்பர் 17 அன்று தந்தை இறந்தார். அந்தக் கணமே மகன், எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாமலே, இரண்டாம் வைகவுண்ட் ஆகிவிட்டார். சபையின் உரிமைக்குழு ஆராய்ந்து அவர் தகுதியிழந்தார் என்று சொல்ல, 1961 மே 4இல் இடைத்தேர்தல் வந்தது. பென் பின்வாங்கவில்லை, மனுத்தாக்கல் செய்தார். வேட்புமனு முறைப்படி இருந்தால் அதை ஏற்பதைத் தவிரத் தேர்தல் அதிகாரிக்கு வேறு வழி இல்லை. எதிர்த்து நின்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேர். இவரும் சின்க்ளேர் பிரபு என்ற பட்டத்துக்கு வாரிசு வரிசையில் இருந்தவர் என்பதை எந்த நாடக ஆசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

பென் பெற்றது 23,275 வாக்குகள். செயின்ட் கிளேர் பெற்றது 10,231. 1959 பொதுத்தேர்தலில் ஆறாயிரத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்த வித்தியாசம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது; கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்களிலும் கணிசமானோர் பென்னுக்கு வாக்களித்திருக்க வேண்டும். வெற்றிச் சான்றிதழோடு வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போன பென்னைச் சபையின் வாயிலிலேயே காவலர் மறித்தார்.

தேர்தல் முடிவை எதிர்த்துச் செயின்ட் கிளேர் தேர்தல் மனுப் போட்டார். விசாரித்தவர்கள் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர். பென் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: ஒருவரைப் பொதுச்சபையிலிருந்து விலக்குவது பிரபுப் பட்டமன்று, பிரபுக்கள் சபைக்கு வருமாறு அரசர் அனுப்பும் அழைப்பாணையே, நான் அதைக் கேட்கவுமில்லை, பெறவுமில்லை. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பிரபுவாக இருத்தலே தகுதிக்கேடு. அழைப்பாணை வந்தாலும் வராவிட்டாலும் அதில் மாற்றமில்லை என்று 1961 ஜூலை 28இல் தீர்ப்பளித்தது.

இதோடு நின்றிருந்தால் மறுபடியும் ஓர் இடைத்தேர்தல் நடந்திருக்கும். தீர்ப்பின் இரண்டாம் பகுதிதான் நம் வாசகர்களைத் திகைக்க வைத்தது. வேட்பாளர் தகுதியற்றவர் என்பதற்கு அடிப்படையான உண்மைகளை அறிந்துகொண்டே ஒருவர் அவருக்கு வாக்களித்தால், அந்த வாக்கு எறியப்பட்ட வாக்கு என்பது ஆங்கிலத் தேர்தல் சட்டத்தின் பழைய விதி. பென் பிரபு என்பது தொகுதியில் குழந்தைக்கும் தெரியும். போதாக்குறைக்கு எதிர்த்தரப்பு அதை அறிவிப்பாகவும் வெளியிட்டிருந்தது. ஆகவே 23,275 வாக்குகளும் எறியப்பட்டவை, எஞ்சியிருப்பவரே உறுப்பினர். விளம்பரம் அதிகமாகியதே பென்னுக்கு வினையானது: மக்களுக்கு விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் அவர்களுடைய வாக்குகள் இவ்வாறு செல்லாமல் போயிரா.

சட்டத்தின்படி இத்தீர்ப்பில் குறை காண்பது கடினம் என்பதே என் கருத்து. ஆனால் அந்தச் சட்டம், தெரிந்தே வாக்களித்த மனிதரைத் தெரியாமல் வாக்களித்தவரைவிடக் கீழே வைக்கிறது. பிரிஸ்டல் வாக்காளர் ஏமாந்து வாக்களிக்கவில்லை. சட்டம் மாற வேண்டும் என்று சொல்வதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவியைத்தான் பயன்படுத்தினார். அதை எறியப்பட்ட வாக்கு என்று எழுத நீதிபதிகளுக்கே மனம் கூசியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வழக்குச் செலவும் பென் தலையிலேயே விழுந்தது. அதற்காகத் திரட்டப்பட்ட நிதிக்குப் பத்துப் பவுண்டு அனுப்பியவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

கேள்வி: இதற்கு முன்மாதிரி உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: உண்டு. 1955இல் வட அயர்லாந்தின் ஃபெர்மனா – தெற்கு டைரோன் தொகுதியில் வென்ற சின் ஃபெய்ன் வேட்பாளர் சிறைத்தண்டனை பெற்றவர் என்பதால், தேர்தல் நீதிமன்றம் தோற்றவருக்கே இடத்தை அளித்தது. பென் வழக்கில் புதிய விதி எதுவும் உருவாகவில்லை.

ஆனால் மக்கள் நினைவுக்கு வந்தது இதுவன்று, ஜான் வில்க்ஸ்தான். மிடில்செக்ஸ் தொகுதி அவரை 1768இல் தேர்ந்தெடுத்தது. சபை 1769 பிப்ரவரியில் வெளியேற்றியது. தொகுதி மீண்டும் மீண்டும் அனுப்பியது. ஏப்ரலில் வில்க்ஸ் 1,143 வாக்கும் அவரை எதிர்த்து நின்ற லட்ரெல் 296 வாக்கும் பெற்றிருக்க, லட்ரெல்தான் உறுப்பினர் என்று சபை தீர்மானித்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது மேடைக்கு நன்றாக இருக்கும். ஆயினும் வேறுபாடு உண்டு. வில்க்ஸை வெளியேற்றியது அரசியல் பகை கொண்ட பெரும்பான்மை. 1868க்குப் பிறகு தேர்தல் மனுக்களை விசாரிக்கும் வேலை நீதிபதிகளுக்குப் போய்விட்டது. வில்க்ஸுக்கு எதிரான தீர்மானத்தைச் சபை 1782இல் தன் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிட்டது. பென் தீர்ப்பு அடிக்கப்படவில்லை. அதன் அடியில் இருந்த சட்டம் மாற்றப்பட்டது.

கேள்வி: சட்டத்தை மாற்றியது யார்? ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சியல்லவா? (கோவை வாசகர்)

பதில்: ஆம், அதே கட்சிதான். 1962இல் இரு சபைகளின் கூட்டுக்குழு அமைந்து, ஆண்டு இறுதியில் பட்டத்தைத் துறக்கும் உரிமை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி வந்த மசோதாவில் அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: அடுத்த பொதுத்தேர்தல் வரும்போதுதான் சட்டம் செயலுக்கு வரும். பிரபுக்கள் சபை அதைத் திருத்தி உடனடியாக நடைமுறைக்கு வரும்படி செய்தது. 1963 ஜூலை 31 மாலை 6 மணிக்கு ஒப்புதல் கிடைத்தது, 6.22க்குப் பென் தம் பட்டத்தைத் துறந்தார். இந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் துறந்தவர் அவரே.

செயின்ட் கிளேரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பென்னுக்குத் தடை நீங்கினால் விலகிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், சொன்னபடி செய்தார். பிரிட்டிஷ் உறுப்பினர் நம் உறுப்பினரைப் போல் சபாநாயகருக்கு ஒரு கடிதம் கொடுத்து விலகிவிட முடியாது. 1624ஆம் ஆண்டுத் தீர்மானம் அதைத் தடுக்கிறது. ஆகையால் அரசரின் கீழ் ஊதியப் பதவி ஏற்றதாகப் பாவனை செய்து இடத்தை இழக்கிறார்கள். அதற்கென்றே பெயரளவில் காக்கப்படும் இரண்டு பதவிகளில் ஒன்றான நார்த்ஸ்டெட் பண்ணையின் காரியக்காரர் பதவியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20இல் இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் கட்சியும் வேட்பாளரை நிறுத்தவில்லை. பென் 20,313 வாக்குகள் பெற்றார். அடுத்து வந்த எட்வர்டு மார்ட்டெல் 4,834. மற்ற இருவர் டெபாசிட் இழந்தனர்.

தமக்கு வேண்டியதைப் பென் பெற்றுவிட்டார்; ஆனால் அவர் திறந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்களைப் பாருங்கள். 1963 அக்டோபரில் பிரதமர் மேக்மில்லன் விலகியதும், ஹோம் பிரபு, அதாவது 14ஆவது ஏர்ல் (வைகவுண்டுக்கும் மேற்பட்ட படி), பிரதமராகி, 23ஆம் நாள் பட்டத்தைத் துறந்து, நவம்பரில் ஸ்காட்லாந்தின் கின்ராஸ் – மேற்குப் பெர்த்ஷயர் இடைத்தேர்தலில் வென்று பொதுச்சபைக்கு வந்தார். இடைப்பட்ட இரண்டு வாரம் அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்லர். பிரபுக்கள் சபை அந்தத் திருத்தத்தைச் செய்திராவிட்டால் இது நடந்திருக்காது. பிறப்பால் வரும் அதிகாரத்தை எதிர்த்துத் தொழிற்கட்சித் தொகுதி ஒன்று நடத்திய போராட்டத்தின் முதல் பெரும்பயனை அனுபவித்தவர் ஒரு கன்சர்வேட்டிவ் ஏர்ல்.

கேள்வி: எட்மண்ட் பர்க் நின்றது இந்தத் தொகுதியிலா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: இல்லை. பர்க் 1774 முதல் 1780 வரை பிரிக்கப்படாத பிரிஸ்டல் நகரத் தொகுதியின் இரு உறுப்பினர்களில் ஒருவர். உறுப்பினர் தம் அறிவின்படி நடக்க வேண்டுமேயன்றி வாக்காளரின் கட்டளைப்படி அன்று என்று அவர் பேசியது அந்த ஊரில்தான். 1780இல் தோல்வி உறுதி என்று கண்டு போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

கேள்வி: அந்தத் தொகுதியில் இந்தியர்கள் இருந்தார்களா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: தொகுதி வாரியான கணக்கைவிட, நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்வது பொருத்தம். பிரிஸ்டல் நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க நிர்வாகம் மறுத்துவந்தது. அதை எதிர்த்து 1963 ஏப்ரல் இறுதியில் பால் ஸ்டீஃபன்சன் முதலானோர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். சபையில் இடமில்லாமல் இருந்த பென் அதை வெளிப்படையாக ஆதரித்தார். அவர் மீண்டும் உறுப்பினரான எட்டாம் நாள், ஆகஸ்ட் 28இல், நிர்வாகம் பணிந்தது. செப்டம்பரில் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகப் பணியில் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

கேள்வி: இவ்வளவு போராடிப் பெற்ற தொகுதியைப் பென் பிறகு ஏன் இழந்தார்? (மதுரை வாசகர்)

பதில்: தேர்தலில் இழக்கவில்லை, வரைபடத்தில் இழந்தார். 1964 முதல் 1979 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் தென்கிழக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. தபால்துறை, தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி என அமைச்சராக இருந்த ஆண்டுகளெல்லாம் அவர் அந்தத் தொகுதியின் உறுப்பினரே. ஆனால் தாட்சர் வென்ற 1979இல் வித்தியாசம் 1,890ஆகச் சுருங்கியிருந்தது. பழைய சுரங்கத் தொழிலாளர் பகுதி புறநகராக மாறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். பென்னே இடதுசாரிப் பக்கம் வெகுதூரம் நகர்ந்திருந்தது மற்றொன்று.

1983இல் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டபோது தென்கிழக்கு கலைக்கப்பட்டு, ‘பிரிஸ்டல் கிழக்கு’ என்ற பழைய பெயர் மீண்டும் வந்தது. கட்சிக்குப் பாதுகாப்பான பிரிஸ்டல் தெற்கில் நிற்கப் பென் முயன்றார். கட்சிக்காரர்கள் மைக்கேல் காக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு ஊரில் எளிதான இடம் தேடிப் போயிருக்கலாம். போகாமல் கிழக்கிலேயே நின்று, கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜோனதன் சயீதிடம் இரண்டாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1984 மார்ச்சில் செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தல் வழியாகத்தான் மீண்டும் சபைக்குத் திரும்பினார்.

கேள்வி: துறந்த பட்டம் என்ன ஆனது? (புதுச்சேரி வாசகி)

பதில்: துறப்பு துறந்தவரின் ஆயுளுக்கு மட்டுமே, பட்டம் அழிவதில்லை. 2014இல் பென் இறந்ததும் மூத்த மகன் ஸ்டீஃபன் மூன்றாம் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார். 1999 சட்டத்துக்குப் பிறகு பரம்பரைப் பிரபுக்களில் 92 பேருக்கு மட்டுமே பிரபுக்கள் சபையில் இடம் வைத்திருந்தார்கள். அதில் ஓர் இடம் காலியானால் அதற்கும் அப்போது ஓர் இடைத்தேர்தல் நடத்தினார்கள். அப்படி ஓர் இடைத்தேர்தலில் 2021 ஜூலையில் ஸ்டீஃபன் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தார். எதிர்த்து எவரும் நிற்கவில்லை.